கடல் ஏறுற ஊர்ல ஊர்க்காரங்களோட உக்காந்து பிளான் போடுறது எப்படி? முழு வழிகாட்டி

கடற்கரை ஊர் ஒண்ணுக்கு "கடல்மட்டம் உயருது, என்ன பண்ணலாம்"னு பிளான் போடப் போறீங்களா? நீங்க ஆர்க்கிடெக்டா இருக்கலாம், சிவில் படிக்கிற ஸ்டூடன்ட்டா இருக்கலாம், புதுசா என்ஜிஓல சேர்ந்தவரா இருக்கலாம், இல்ல அந்த ஊர்லயே பொறந்து வெளிய படிச்சுட்டு திரும்பி வந்த ஆளா இருக்கலாம். யாரா இருந்தாலும் இது உங்களுக்குத்தான். நான் பழவேற்காட்டுல இருந்து வேதாரண்யம் வரைக்கும் இருக்குற சோழமண்டலக் கரையை மனசுல வச்சு எழுதுறேன், மத்த கரைக்கு அங்கங்க மாத்திக்கணும், கேரளா பக்கமோ ராமநாதபுரம் பக்கமோ மணல், காத்து, ஊர்க்கட்டு எல்லாமே வேற.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன், நான் முதல்ல போட்ட பிளான் படு மோசம். கம்ப்யூட்டர்ல அழகா படம் போட்டு, கரையோரமா நடைபாதை, பெஞ்சு, மரம் எல்லாம் வச்சு ஊர்க்கூட்டத்துல காட்டினேன். எல்லாரும் மரியாதையா பாத்தாங்க. கடைசியா ஒரு பெரியவர் "தம்பி, போட்டை எங்க ஏத்துறது?"ன்னு கேட்டாரு. வீட்டுக்கும் தண்ணிக்கும் நடுவுல நான் வச்ச நடைபாதை குறுக்க நின்னுச்சு, ஃபைபர் போட்டை இழுத்து ஏத்த ஒரு சந்து கூட இல்ல. அந்த படத்தை இன்னும் வச்சிருக்கேன், புதுசா வர்ற பசங்களுக்கு காட்டுறதுக்கு.

1. போறதுக்கு முன்னாடி மணல் கணக்கு படிங்க

ஐபிசிசி, அதாவது ஐநாவோட பருவநிலை விஞ்ஞானிகள் குழு, அதோட 2021 ரிப்போர்ட் படி 1901ல இருந்து 2018க்குள்ள உலக சராசரி கடல்மட்டம் 20 செ.மீ ஏறியிருக்கு, 2006க்கு அப்புறம் வருஷத்துக்கு 3.7 மி.மீ வேகம். 2100க்குள்ள, உலகம் எவ்ளோ புகை விடுதுங்கிறதை பொறுத்து, சுமார் 28 செ.மீல இருந்து 1 மீட்டர் வரைக்கும் ஏறலாம்னு கணக்கு. இதை அப்படியே ஊர்ல போய் சொன்னா சிரிப்பாங்க, ஏன்னா அவங்க கண்ணு முன்னாடி ஒரே சீசன்ல 10 மீட்டர் கரை போயிருக்கும், உங்க 3.7 மில்லி எங்க, அவங்க 10 மீட்டர் எங்க.

அந்த 10 மீட்டர் மணல் கதை. தென்மேற்கு பருவத்துல மணல் தெக்குல இருந்து வடக்க நகரும், வடகிழக்கு பருவத்துல கொஞ்சம் தெக்க திரும்பும், கூட்டிக் கழிச்சா வடக்க போறதுதான் அதிகம். நடுவுல எவனாவது கடலுக்குள்ள கல்லை நீட்டினா தெக்கு பக்கம் மணல் சேரும், வடக்கு பக்கம் பட்டினி. சென்னை துறைமுகம் வந்ததுக்கு அப்புறம் மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் கரை போனதும் ஒரே கதைதான். புதுச்சேரில 1980கள்ல துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்டினாங்க, டவுன் பீச்சே காணாம போச்சு, அங்க கல் கொட்டினாங்க, அடி வடக்க தள்ளிப் போய் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம்னு வரிசையா விழுந்துச்சு. ஆத்துல அணை கட்டினது, மணல் அள்ளினது எல்லாம் தனிக்கணக்கு. தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990ல இருந்து 2018 வரைக்கும் பாத்ததுல தமிழ்நாட்டு கரையில 42.7% அரிப்புல இருக்கு.

அதனால ஊர்ல உண்மையை சொல்லுங்க, இன்னைக்கு போற கரையில பெரிய பங்கு மணல் வராததால போகுது, கடல்மட்டம் அதுக்கு மேல மெதுவா ஏறிட்டு வருது, ஒவ்வொரு புயலும் முன்ன விட ஒரு படி மேல நின்னு ஆரம்பிக்கும். எல்லாத்தையும் பருவநிலை மாற்றம்னு சொல்லிட்டா துறைமுகம் கட்டினவன் ஜாலியா தப்பிச்சிடுவான், ஊர்க்காரங்களும் உங்களை அவன் ஆளுன்னு நினைப்பாங்க. நினைக்கிறது நியாயம்தான்.

2. யார் கிட்ட முதல்ல போறது

பஞ்சாயத்தார் கிட்ட. நாகை, கடலூர் பக்கம் நாட்டார்னு சொல்லுவாங்க, சில ஊர்ல கிராமத் தலைவர்னு சொல்லுவாங்க, தெக்க கிறிஸ்தவ ஊர்னா பங்குத்தந்தையை தாண்டி எதுவும் நடக்காது. உள்ளாட்சி தேர்தல்ல ஜெயிச்ச பஞ்சாயத்து தலைவர் வேற, மீனவர் பஞ்சாயத்து வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. முதல் நாள் எந்த படமும் ஃபார்மும் வேணாம், எதுக்கு வந்திருக்கோம், யாரு காசு, எது எங்க கையில இல்ல, இந்த மூணை மட்டும் சொல்லுங்க. "வீடு வாங்கித் தருவோம்"ங்கிற மாதிரி ஒரு வார்த்தை தவறி வந்துடுச்சுன்னா அதுக்கப்புறம் எந்த கூட்டமும் வீடு லிஸ்ட் பத்தின கூட்டம்தான்.

ஆனா பஞ்சாயத்தார்ல ஆம்பளைங்க மட்டும்தான் இருப்பாங்க. மீன் விக்கிற அக்காங்களோட தனியா உக்காருங்க, கருவாடு போடுற களம் போனா முதல்ல பொழப்பு போறது அவங்களுக்கு. சொந்தமா போட்டு இல்லாம கூலிக்கு போறவங்க, வாடகைக்கு இருக்குறவங்க, ஊருக்கு கொஞ்சம் தள்ளி இருக்குற தலித் குடும்பங்க, உப்பங்கழியில கையால இறால் நண்டு புடிக்கிற இருளர் குடும்பங்க, இவங்க யாரும் ஊர்க்கூட்டத்துல வாய் திறக்க மாட்டாங்க, சில நேரம் கூப்பிடவே மாட்டாங்க. நீங்களாத்தான் போகணும், ஆனா பஞ்சாயத்தார் கிட்ட சொல்லிட்டு போங்க, திருட்டுத்தனமா போனா ரெண்டு பக்கமும் கதவு சாத்திடும்.

நேரம் பாருங்க. விடியக்காலை கடலுக்கு போய் காலையில வந்து ஏலம் முடியுற வரைக்கும் ஒருத்தரும் உங்க கூட பேச மாட்டாங்க, அக்காங்க மார்க்கெட் போய் திரும்ப மதியம் ஆகிடும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அப்போ எல்லாரும் சும்மா இருப்பாங்கன்னு நினைச்சு நிறைய பேரு கூட்டத்தை அப்போ வைப்பாங்க, தடை விசைப்படகுக்குத்தான், சின்ன ஃபைபர் போட்டுக்காரங்க அப்பத்தான் நல்லா புடிப்பாங்க.

3. கரையை நடந்து, அவங்க கையால மேப் போடுங்க

இதுதான் மொத்த வேலையோட முதுகெலும்பு, இதுக்கு ரெண்டு மாசம் எடுத்துக்கிட்டாலும் தப்பில்ல.

கூகுள் மேப்ல பாத்தா கரை காலியா மஞ்சளா தெரியும். நடந்து பாருங்க, போட்டு ஏத்துற இடம், எஞ்சின் வைக்கிற கொட்டாய், வலை காய வைக்கிறது, வலை பின்னுறது, ஏலம் விடுற இடம், கருவாட்டு களம், கரைவலை இழுக்குற இடம், புயல் நேரத்துல மட்டும் போட்டை கொண்டு போற மேட்டு இடம், கடலம்மனுக்கு பூசை போடுற இடம், பசங்க பந்து விளையாடுற இடம், சுடுகாடு. கரை அவங்களுக்கு பட்டறை, கடைத்தெரு, திண்ணை எல்லாமே. இதுல பாதி இடம் சீசனுக்கு சீசன் நகரும், அதனால ஒரு மேப் பத்தாது, சோழகம் (தெக்கு காத்து) அடிக்கிற மாசத்துக்கு ஒண்ணு, வாடைக்கு (வடக்கு காத்துக்கு) ஒண்ணுன்னு ரெண்டு மேப்பாவது வேணும்.

எப்படின்னா, நாலஞ்சு பேரு சேர்ந்து நடங்க, ஒரு பெரியவர், ஒரு அக்கா, ரெண்டு இளவட்டம், நீங்க. இளவட்டத்துக்கிட்ட போனை குடுத்து ஜிபிஎஸ் பாயிண்ட் எடுக்க சொல்லுங்க, நீங்க எடுக்காதீங்க. சாயங்காலம் கோவில் முன்னாடி மணல்லயே கோலமாவுல ஊரை வரைய விடுங்க, தப்பு இருந்தா போறவங்க வர்றவங்க எல்லாம் நின்னு சண்டை போட்டு திருத்துவாங்க, அந்த சண்டைதான் உங்களுக்கு டேட்டா. அப்புறம் அதை பேப்பருக்கு மாத்தி, ஒரு காப்பி ஊர்ல லேமினேட் பண்ணி மாட்டுங்க, ஒரிஜினல் ஊர்ல இருக்கணும், உங்க ஆபீஸ்ல இல்ல.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, அரசாங்கம் போடுற கடலோர மண்டல மேலாண்மை திட்ட மேப் 1:25,000 அளவுல வரும், அதுல 1 செ.மீ.ன்னா தரையில 250 மீட்டர். 50 மீட்டர் அகலமான வலை காய வைக்கிற இடம் அதுல 2 மி.மீ, பென்சில் முனை அளவு. 2019 சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டல) அறிவிப்புப்படி தமிழ்நாட்டுல 2023ல வரைவு மேப் வந்து பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடந்தப்ப, எங்க ஊரே இதுல இல்ல, எங்க மீன்பிடி இடம் எதையும் காட்டலன்னு பல மீனவ கிராமங்கள் எதிர்ப்பு சொன்னாங்க. மேப்ல இல்லாத இடத்தை நாளைக்கு ஒருத்தன் புறம்போக்குன்னு எடுத்துக்கிட்டா கேக்க உங்க கையில ஒண்ணும் இருக்காது.

4. பழைய கரை எங்க இருந்துச்சு

பெரியவங்களோட நடந்து "உங்க கல்யாணத்தப்ப தண்ணி எதுவரைக்கும்?"னு கேளுங்க. வருஷம் கேக்காதீங்க, யாருக்கும் ஞாபகம் இருக்காது, 2004 சுனாமி, 2011 தானே, 2018 கஜான்னு அடையாளம் வச்சு கேட்டா டக்குன்னு வரும். இடிஞ்ச கிணறு, கடலுக்குள்ள போன பழைய கோவில், ஒத்தை தென்னை எல்லாத்தையும் குறிச்சுக்கோங்க. கூகுள் எர்த்ல பழைய படங்கள் இருக்கு, அதை இவங்க சொல்றதுக்கு அப்புறம் காட்டுங்க, முன்னாடி காட்டினா எல்லாரும் ஸ்க்ரீனை பாத்து பேச ஆரம்பிச்சிடுவாங்க.

கூடவே குடிதண்ணி கிணத்தையும் விடாதீங்க, தண்ணில கரைஞ்ச உப்பை அளக்குற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்ல கிடைக்கும், மாசம் ஒருதடவை ஒரே கிணத்துல பாத்தா போதும். மணல்மேடுதான் மழைத்தண்ணியை புடிச்சு வச்சு ஊத்துல நல்ல தண்ணி குடுக்குது, மேட்டை வெட்டி சமமாக்கின ஊர்ல உப்பு சீக்கிரம் ஏறிடும்.

5. வரப்போற தண்ணியை கண்ணுக்கு காட்டுங்க

"அரை மீட்டர் உயரும்"ங்கிறது யாருக்கும் புரியாது, எனக்கே புரியாது. கொத்தனார் மட்டம் பாக்குற தண்ணி டியூபை கடன் வாங்குங்க. போன பெரிய புயலப்போ தண்ணி எங்க வரைக்கும் வந்துச்சுன்னு எல்லாரும் ஒத்துக்குற ஒரு சுவர் அடையாளத்தை எடுத்துக்கிட்டு, அந்த மட்டத்தை டியூப் வச்சே தெருத்தெருவா கொண்டு போங்க, ஒவ்வொரு வீட்டு சுவத்துலயும் நீல சாக்பீஸ்ல ஒரு கோடு. அதுக்கு மேல 30 செ.மீல ஒரு கோடு, 60 செ.மீல ஒரு கோடு, கலர் மாத்தி. இது துல்லியமான வெள்ளக் கணக்கு இல்லைன்னு சொல்லிடுங்க, அலை தெருவுக்குள்ள வரும்போது அடங்கும், சந்துல ஏறும். ஆனா தன் வீட்டு ஸ்விட்ச் போர்டு எந்த கோட்டுக்கு கீழ இருக்குன்னு ஒரு அம்மா பாத்துட்டா அதுக்கப்புறம் நீங்க ஸ்லைடு போட வேண்டியதே இல்ல, அவங்களே பக்கத்து வீட்டுக்கு விளக்கிட்டு இருப்பாங்க.

6. என்னென்ன செய்யலாம், யாருக்கு லாபம், யாருக்கு அடி

களிமண்ணும் தெர்மாகோலும் வச்சு ஊரை சின்னதா ஒரு மாடல் செய்யுங்க, பசங்க ரெண்டு நாள்ல முடிச்சிடுவாங்க. கல், சுவர், மரம், வீடு எல்லாத்தையும் தனித்தனி துண்டா வச்சா எடுத்து நகர்த்தி பேசலாம்.

முதல்ல எல்லாரும் கேக்குறது தூண்டில் வளைவு, அதாவது கரையில இருந்து கடலுக்குள்ள நீட்டி வளைச்சுப் போடுற கல் தடுப்பு. கேக்கத்தான் செய்வாங்க, பக்கத்து ஊருக்கு வந்துருக்கு, அங்க மணல் சேர்ந்துருக்கு, எம்எல்ஏ வந்து ரிப்பன் வெட்டிருக்காரு. வேணாம்னு நீங்க லெக்சர் அடிக்காதீங்க. மாடல்லயே தட்டுல மணலும் தண்ணியும் ஊத்தி ஒரு கல்லை வச்சு ஒரு பக்கத்துல இருந்து அலை அடிச்சு காட்டுங்க, அஞ்சு நிமிஷத்துல கல்லுக்கு அந்தப் பக்கம் குழி விழும். அப்புறம் வடக்கு ஊர் பஞ்சாயத்தாரை கூப்பிடுங்க. ஆமா, சண்டை வரும், வரட்டும், கல் போட்டதுக்கு அப்புறம் வர்றதை விட முன்னாடி வர்றது மேல். பிளானோட எல்லை ஊர் எல்லையில நிக்காது, மணல் எங்க இருந்து வருது, எங்க போகுதோ அதுவரைக்கும் இருக்கு, இது ஒண்ணை விட்டுட்டா நீங்க என்ன கலந்து பேசி பண்ணினாலும் ஒரு ஊரோட சம்மதத்தோட இன்னொரு ஊரை கடலுக்கு குடுக்குற வேலைதான்.

கல் சுவர், வீட்டை உடனே காப்பாத்தும், வேற வழியே இல்லாத இடம் உண்டு, ஆனா முன்னாடி இருக்குற மணல் அரிச்சு போயிடும், போட்டு ஏத்த முடியாது, கரைவலை முடிஞ்சுது. போட்டே ஆகணும்னா எத்தனை இடத்துல வழி விடணும், எவ்ளோ அகலம்னு போட்டுக்காரங்களே மாடல்ல குச்சி நட்டு காட்டட்டும்.

மணலை திரும்ப கொண்டு வர்ற வழிகளும் இருக்கு. புதுச்சேரில தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் கடலுக்கடியில ஒரு செயற்கை திட்டு போட்டு, மணலும் சேர்த்து, காணாம போன பீச்ல ஒரு பகுதியை திரும்ப கொண்டு வந்தாங்க. நெதர்லாந்துல 2011ல 2 கோடி கன மீட்டருக்கு மேல மணலை ஒரே இடத்துல கொட்டி, காத்தும் அலையும் பரப்பட்டும்னு விட்டாங்க. நம்ம ஊருக்கு அந்த காசு வராது, ஆனா துறைமுகத்துல தூர்வாருற மணலை வடக்கு பக்கம் கொண்டு வந்து போடுன்னு கேக்கலாம், கேக்குறது நியாயம்.

மணல்மேடு. மலிவு, மெதுவா நடக்கும், ஊராளே செய்யலாம். அடம்பு கொடி, ராவணன் மீசை ரெண்டும் மணலை புடிக்கும். நெருக்கமா சவுக்கு நட்டு கடலை ஒட்டி சுவர் மாதிரி ஆக்காதீங்க, பங்குனி ஆமை முட்டை போட இடம் போயிடும், வலை காய வைக்கவும் இடம் இருக்காது. அப்புறம் அலையாத்தி (மாங்குரோவ்). எவன் வந்தாலும் அலையாத்தி நடலாம்னு சொல்லுவான், போட்டோக்கு நல்லா இருக்கும், ஆனா திறந்த மணல் கரையில நிக்காது, கழிமுகத்துலயும் உப்பங்கழியிலயும்தான் வரும். பிச்சாவரம், முத்துப்பேட்டை பக்கம் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி தண்ணி உள்ள போய் வர வச்சு, ஊர்க்குழு சேர்ந்து பாத்துக்கிட்டதாலதான் அங்க வந்துச்சு. இந்தோனேசியால டெமாக்ல மூங்கில் வேலி கட்டி சேறு புடிச்சு அலையாத்தி வளர்த்தாங்க, நல்ல வேலை, ஆனா நிலத்தடி தண்ணியை உறிஞ்சினதுல தரையே இறங்கி பாதி பலன் போச்சு. போர்வெல் பேசாம கடல் பேசாதீங்க.

வீட்டை உயர்த்துறதும் சும்மா இல்ல, மேல ஏறி இறங்க முடியாத பாட்டி, தெருவுல தேங்குற மழைத்தண்ணி, மீன் கூடையை எங்க இறக்குறது, எல்லாம் கேட்டுட்டு வரையுங்க.

7. இடம் மாறுற பேச்சு

இதை நீங்க ஆரம்பிக்காதீங்க. அவங்களா கேட்டா மறைக்காதீங்க.

காரணம் இருக்கு. சுனாமிக்கு அப்புறம் 2005 மார்ச்ல வந்த அரசாணை 172, கரையில இருந்து 200 மீட்டருக்குள்ள இருந்தவங்க தாண்டிப் போனா ஒன்றரை லட்சம் மதிப்புள்ள புது வீடு இலவசம், போக மாட்டேன்னா சொந்த காசுல ரிப்பேர் பண்ணிக்கோ, உதவி கிடையாதுன்னு சொல்லிச்சு. விருப்பம் மாதிரி எழுதினாங்க, கேட்டவங்களுக்கு அப்படி கேக்கல. போன பல இடத்துல வரிசையா காங்கிரீட் பெட்டி, மரம் இல்ல, திண்ணை இல்ல, மதியம் உள்ள உக்கார முடியாது, பழைய வீட்டை பூட்டாம வச்சிருந்தவங்க நிறைய பேரு. பிஜியில வுனிடோகோலோவாங்கிற ஊர் 2014ல சுமார் 2 கிலோமீட்டர் உள்ள தள்ளிப் போச்சு, உலகம் பூரா உதாரணமா சொல்லுவாங்க, ஆனா முதல்ல கட்டின வீட்டுல சமையல்கட்டு இல்ல. சமைக்கிறவங்களை கேட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?

அதனால பேச்சு வந்துச்சுன்னா வீட்டு டிசைனுக்கு முன்னாடி இதெல்லாம் எழுத்துல வாங்கணும்: விட்டுட்டு போற கரை யாருக்கு (ஊர் பொதுன்னு பதிவாகணும், ரிசார்ட்டுக்கு போகக்கூடாது), புது இடத்துல இருந்து போட்டுக்கு நடந்து எத்தனை நிமிஷம், எஞ்சினும் வலையும் ராத்திரி யாரு காவல், பட்டா பொம்பளை பேர்லயும் இருக்கா, பசங்க கல்யாணம் ஆனா அடுத்த வீடு எங்க. தெருவும் சொந்தபந்தமும் கலையாம மொத்தமா போகணும். சாம்பிளுக்கு ஒரு வீடு கட்டி ஒரு குடும்பம் ஒரு கோடை இருந்து பாக்கட்டும், அப்புறம் மீதி கட்டுங்க.

8. முடிவு எடுக்குறது

கை தூக்க சொல்லாதீங்க, பக்கத்துல யாரு இருக்காங்கன்னு பாத்துட்டுத்தான் தூக்குவாங்க. ஆளுக்கு 10 புளியங்கொட்டை, ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு மூடின டப்பா, எத்தனை வேணா எதுல வேணா போடலாம். ஆம்பளைங்க, பொம்பளைங்க, இளவட்டம் தனித்தனி கலர் அடிச்சு குடுத்தா யாரு எதை விரும்புறாங்கன்னு பிரிஞ்சு தெரியும், சில ஊர்ல அந்த வித்தியாசத்தை பாத்து பஞ்சாயத்தாரே அசந்து போயிடுவாங்க.

ஒரே முடிவு எடுக்கணும்னு அவசியமும் இல்ல. லண்டன்ல தேம்ஸ் ஆத்துக்கு போட்ட திட்டத்துல, இப்ப இது, தண்ணி இந்த அளவை தொட்டா அடுத்தது இதுன்னு படிப்படியா வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல அதை கோவில் படியில எழுதலாம். "அமாவாசை பௌர்ணமி ஏத்தத்துல ஒரே வருஷத்துல மூணு தடவை தண்ணி முதல் படியை தொட்டா, முன்வரிசை 20 வீட்டுக்கு மாத்து இடம் கேட்டு மனு குடுக்குறது"ன்னு இன்னைக்கே எழுதி வச்சிட்டா, அந்த நாள் வரும்போது பதட்டத்துல முடிவெடுக்க வேணாம்.

9. பேப்பர் வேலை

சலிப்பான பாகம், ஆனா இது இல்லாட்டி மேலே சொன்ன எல்லாம் வெறும் கோலம். கிராம சபையில தீர்மானம் போடுங்க, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதுல ஒரு நாளுக்கு முன்னாடியே மேப்பும் தீர்மான வரைவும் ரெடியா இருக்கணும், தீர்மான புத்தகத்துல ஏறினதுக்கு அப்புறம் நகல் வாங்காம வீட்டுக்கு போகாதீங்க. அதை வச்சு கலெக்டர் தலைமையில இருக்குற மாவட்ட கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு மனு, மீன்வளத்துறைக்கு ஒரு காப்பி, ஒப்புகை சீட்டு பத்திரம். பதில் வரலன்னா ஆர்டிஐ. கடலோர மீட்புக்குன்னு நெய்தல் மீட்சி இயக்கம் மாதிரி அரசுத் திட்டங்கள் வரும்போது கையில மேப்பும் தீர்மானமும் வச்சிருக்குற ஊர் முன்னாடி நிக்கும்.

2019 சிஆர்இசட் அறிவிப்புல ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல இருக்குற கிராமப்புறத்துல கட்டடத் தடை உயர் ஓதக் கோட்டுல இருந்து 50 மீட்டர், மத்த கிராமத்துல 200 மீட்டர். உங்க ஊர் எதுல வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க, 50 மீட்டர்னா அதைத் தாண்டி ஊர்க்காரங்களும் கட்டிக்கலாம், ஹோட்டல்காரனும் கேட்டு வருவான். அபாயக் கோடுன்னு ஒண்ணு மேப்ல போட்டிருப்பாங்க, அதுக்குள்ள கட்டக்கூடாதுன்னு அந்த அறிவிப்பு சொல்லல, பேரிடர் திட்டத்துக்கான கோடு அது.

10. நீங்க போன பிறகும் வேலை ஓடணும்

கோவில்ல இருந்தோ பள்ளிக்கூட சுவத்துல இருந்தோ, அதாவது நகராத ஒரு இடத்துல இருந்து, தண்ணி விளிம்பு வரைக்கும் மாசாமாசம் பௌர்ணமி அன்னைக்கு ஒரே நேரத்துல டேப் புடிச்சு அளந்து ஒரு நோட்டுல எழுதணும், அதே இடத்துல நின்னு ஒரு போட்டோ. நோட்டு யார்கிட்ட இருக்கணும்னு ஊரே முடிவு பண்ணட்டும், என் அனுபவத்துல மகளிர் குழு கணக்கு எழுதுற பொண்ணுங்க கிட்ட இருந்தா ஒரு மாசம் கூட விட்டுப்போகாது. ஆரம்பத்துல நாங்க அடையாளத்துக்கு மூங்கில் குச்சி நட்டோம், ஒரு வாரத்துல பசங்க பிடுங்கி கிரிக்கெட் ஸ்டம்பு ஆக்கிட்டாங்க. இப்போ பெயிண்ட் டப்பா ஒண்ணு வாங்கி சுவத்துலயே அடிச்சுடுறோம், அந்த பசங்கதான் டேப்பை புடிக்கிறாங்க.